இடி சாருக்குத் தொண்டை கட்டியது

"காபி!" என்று படுக்கையில் உட்கார்ந்தபடியே குரல் கொடுத்தார் இடி சார். வாய் திறந்தது, காற்றுதான் வந்தது. மறுபடியும் முயன்றார். பஞ்சரான சைக்கிள் டியூப் பெருமூச்சு விட்டதுபோல் ஒரு சத்தம் வந்து அடங்கியது.

கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து அணியின் கோச் அவர். பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் உயிரோடு இருந்தது. மற்ற எல்லாருக்கும் அவர் இடி சார். ஆட்டம் தொடங்கிவிட்டால் கோட்டுக்கு வெளியே அவர் நாற்காலியில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. தோளில் கிடக்கும் துண்டை உருவித் தரையில் அடிப்பார். குதிப்பார். "இடது பக்கம் போ! நெட்டைகிட்ட குடு! இப்போ சுட்டிகிட்ட குடு!" என்று அவர் போடும் சத்தத்தில் கூரைப் புறாக்கள் குடி பெயர்ந்துவிடும்.

அன்று மாலை இறுதி ஆட்டம். அதோடு அவர் ஓய்வு பெறுகிறார். எத்தனையோ முறை இறுதி ஆட்டம்வரை வந்து, ஒவ்வொரு முறையும் பக்கத்துக் கல்லூரியிடம் கோப்பையைப் பறிகொடுத்தவர். இந்த ஒரு தடவையாவது ஜெயித்துவிட்டுப் போக வேண்டும் என்று நேற்று அரையிறுதியில் உயிரைக் கொடுத்துக் கத்தியிருந்தார். உயிர் மிஞ்சியது, குரல்தான் போய்விட்டது.

மனைவி எட்டிப் பார்த்தார். "என்ன காலையிலேயே மூஞ்சத் தூக்கி வச்சிருக்கீங்க? கோவம்னா வாயத் திறந்து சொல்லுங்க."

அவர் கழுத்தைத் தொட்டுக் காட்டினார்.

"சுளுக்கா? முதல்லயே சொல்றதுக்கென்ன!"

தைலத்தோடு வந்து, மாவு பிசைவதுபோல் கழுத்தைப் பிசைந்துவிட்டார். தொண்டை போனது போதாதென்று இப்போது கழுத்தும் திரும்பவில்லை. விஷயம் புரிந்ததும், "அய்யய்யோ, குரலே போச்சா!" என்றார். உடனே அக்கம்பக்கம் காது கொடுத்துக் கேட்டார். "ஏங்க, நம்ம வீட்டுக் கடிகாரம் டிக் டிக்குனு அடிக்குதுங்க. எனக்கு இன்னைக்குதான் தெரியும்."

டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "ஒரு வாரம் கத்தவே கூடாது. மீறினா திரும்ப வராது" என்று தொண்டைக்குள் மருந்தைப் பீய்ச்சினார். மருந்து தொண்டையை ஒன்றும் செய்யவில்லை. நாக்கை மட்டும் மரத்துப்போக வைத்துவிட்டது.

அரங்கத்துக்கு வந்தால் கேலரி நிரம்பிக் கிடந்தது. பழைய மாணவிகள், குழந்தை குட்டிகளோடு, மூக்குக் கண்ணாடியோடு, ஒருத்தி முழங்கால் பட்டையோடு. அவர்களில் பேங்க் மேனேஜராகிவிட்ட ஒருத்தி கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சார், உங்க சத்தத்தக் கேக்கத்தான் லீவு போட்டு வந்திருக்கோம். எங்க பிரான்ச்ல யாராவது தூங்கினா உங்கள மாதிரி ஒரு அதட்டல்தான்!"

இடி சார் பரிதாபமாகச் சிரித்தார்.

"என்ன சார் இவ்ளோ அமைதியா இருக்கீங்க? எல்லாத்தையும் சேத்து வச்சு ஆட்டத்துல கத்தப் போறீங்க போல!"

வேறு வழியில்லாமல் உதவிக் கோச்சைத் தன் வாயாக வைத்துக்கொண்டார். உதவிக் கோச் எறும்பைக்கூட "கொஞ்சம் நகருங்க" என்று கேட்டுத் தாண்டுகிற மனுஷன். இடி சார் மரத்த நாக்கால் காதில் கிசுகிசுத்தார்: "அஞ்சாம் நம்பர விடாதே!"

உதவிக் கோச் எழுந்து நின்றார். "அஞ்சாம் நம்பர விட்டுடும்மா, பாவம்!"

விட்டுவிட்டார்கள். எதிர் அணியின் அந்த அஞ்சாம் நம்பர் அடுத்தடுத்து இரண்டு முறை கூடையில் போட்டாள்.

ஆத்திரத்தில் இடி சார் பையிலிருந்த விசிலை எடுத்து ஊதினார். ஆட்டம் மொத்தமாக நின்றது. நடுவர் ஓடிவந்தார்.

"சார், விசில் அடிக்கிறது நீங்களா நானா?"

தண்டனையாக எதிர் அணிக்கு ஒரு இலவச வீச்சு. அதுவும் கூடைக்குள் போனது.

சரி, சைகையாவது காட்டலாம் என்று இரண்டு கையையும் விரித்து வீசினார். அவர் தண்ணீர் கேட்கிறார் என்று நினைத்து மாற்று ஆட்டக்காரி பாட்டிலோடு ஓடிவந்தாள். அவளை விலக்கக் கையை வீசியதில் பாட்டில் கவிழ்ந்தது. தரையைத் துடைக்க ஆட்டம் மறுபடி நின்றது. எதிர் அணிப் பெண்கள் அவரையே திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். தன் கோலத்தைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று அவருக்குக் கூசிப் போயிற்று.

எதிர்ப் பக்கத்தில் அந்தக் கல்லூரியின் கோச்சம்மா எப்போதும்போல் கைகட்டி உட்கார்ந்திருந்தார். ஆட்டம் முழுக்கப் பாட்டுக் கேட்பவர்போல் கண்ணை அரைவாசி மூடி, அவ்வப்போது தன் பிள்ளைகளுக்கு ஒரு விரலை அசைப்பார். அவ்வளவுதான். "இதெல்லாம் ஒரு கோச்சா? தூங்குமூஞ்சி! அதிர்ஷ்டத்துல ஜெயிக்குது" என்று இடி சார் வீட்டில் வருஷா வருஷம் புலம்புவார். இன்று என்னவோ கோச்சம்மா கண்ணை அகல விழித்து, நாற்காலி நுனிக்கு வந்திருந்தார்.

இடைவேளை முடிந்ததும் இடி சார், தன் வாழ்நாளில் முதல்முறையாக, நாற்காலியில் உட்கார்ந்தார். கேலரியில் "ஐயோ" என்றது ஒரு குரல். பழைய மாணவி ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

உட்கார்ந்ததும் ஏனோ பழைய மைதானம் நினைவுக்கு வந்தது. சிமென்ட் தரை. கம்பியால் கட்டிய வளையம். அணி என்று சொல்ல ஒரு கைப்பிடிப் பெண்கள். வேலிக்கு வெளியே, எப்போது விடுவீர்கள் என்று முறைத்தபடி அவர்களுடைய அப்பாக்கள். பக்கத்திலேயே மரம் அறுக்கும் மில். ரம்பச் சத்தத்தை மீறிக் கத்தினால்தான் பிள்ளைகளுக்குக் கேட்கும். அப்படித்தான் கத்த ஆரம்பித்தார். பிறகு மில்லை மூடிவிட்டார்கள். அவர் வாயைத்தான் யாரும் மூடவில்லை. அந்தப் பெண்களில் ஒருத்தி முதல் கூடை போட்டபோது, வேலியோரம் முறைத்துக்கொண்டிருந்த அவள் அப்பா செருப்பைக் கழற்றி வானத்தில் எறிந்தார்.

கண்ணைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தார். ஆட்டம் மாறியிருந்தது.

"சார் ஒண்ணும் சொல்லல, நாமளே பாத்துக்கலாம்டி!" என்று கேப்டன் நெட்டை கத்தினாள். பந்து கைக்குக் கை மின்னலாகப் போனது. எதிர் அணி ஒரு பக்கம் ஓட, பந்து இன்னொரு பக்கம் போனது. கடைசி நொடியில் சுட்டி எம்பிப் போட்ட பந்து வளையத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, யோசித்து, உள்ளே விழுந்தது.

கோப்பை!

பழைய மாணவிகள் கேலரியிலிருந்து இறங்கி ஓடிவந்து அவரைத் தூக்கப் பார்த்தார்கள், முடியாமல் கட்டிக்கொண்டார்கள். இடி சார் சத்தமே இல்லாமல் அழுதார். 'உட்கார்ந்து பார்த்திருந்தால் இந்தப் பிள்ளைகள் எவ்வளவு அழகாக ஆடுகிறார்கள் என்று முன்பே தெரிந்திருக்கும்' என்று நினைத்துக்கொண்டார்.

கூட்டம் விலகியதும் கோச்சம்மா வந்து கை கொடுத்தார். அவர் முகத்தில் தோற்ற வருத்தத்தைவிடத் திகைப்புதான் அதிகம் இருந்தது.

"என்ன சார் இப்படிப் பண்ணிட்டீங்க? பந்து யாருக்குப் போகுது, எந்தப் பக்கம் வருதுன்னு இத்தனை வருஷமா எங்க பெஞ்சுக்கும் கேக்கற மாதிரி ஒண்ணுவிடாம சொல்லிட்டே இருந்தீங்களே; இன்னைக்குத் திடீர்னு வாய மூடிக்கிட்டா நாங்க எப்படி சார் ஜெயிக்கிறது?"