நானூறு கஜத்தில் ஒரு மான்

வெர்லின் சுட்ட பிறகும் மான் அப்படியே நின்றது.

வேட்டுச் சத்தம் பள்ளத்தாக்கைச் சுற்றி வந்து அடங்கியது. எதிர் மேட்டுப் புதர்களுக்கு நடுவில் அந்தக் கொம்பு மான் காதைக்கூட அசைக்கவில்லை. பக்கத்தில் குப்புறப் படுத்திருந்த டெல்மர் பைனாகுலரை இறக்காமலே சிரித்தான்.

"கொசு கடிச்சதுன்னு நெனச்சிருக்கும், மாப்ளே."

டெல்மர் வெர்லினுடைய மனைவியின் அண்ணன். பெரிய தோட்டா போடும் கனத்த துப்பாக்கியைத் தவிர மற்றதெல்லாம் எலி அடிக்கத்தான் என்பது அவன் கட்சி. வெர்லினும் ஒரு காலத்தில் அதே கட்சிதான். ஆனால் போன வசந்தத்தில் குதிரை கீழே தள்ளி, உடைந்த தோளில் டாக்டர் ஆணி வைத்துத் தைத்த பிறகு, பெரிய துப்பாக்கியின் உதையை அவனால் தாங்க முடியவில்லை. அதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, சின்னத் தோட்டாவுக்குத்தான் வேகம் அதிகம், நானூறு கஜத்தில் மானைச் சாய்த்துவிடும் என்று சர்ச் விருந்தில் மோன்டானா மாநிலத்தில் பாதிப் பேர் காதில் விழும்படி பெருமை அடித்துவிட்டிருந்தான்.

சாய்த்துக் காட்டினால், தான் சொன்னது தப்பு என்று ஒத்துக்கொள்வதாக டெல்மர் வாக்குக் கொடுத்தான். பிறந்ததிலிருந்து அவன் வாயில் வராத வார்த்தை அது. சாயாவிட்டால், இனி எல்லா வேட்டையிலும் வெர்லின்தான் சமையல்.

காற்று இடப்பக்கமிருந்து அடித்தது. வெர்லின் அதற்குத் தக்கபடி குறியைத் தள்ளி வைத்து மறுபடி சுட்டான். மான் நின்றது. மூன்றாவது தோட்டாவுக்கும் நின்றது.

வெர்லினுக்கு ஒரு சந்தேகம் வந்தது. தோட்டா பட்டு, சாகவும் முடியாமல் ஓடவும் முடியாமல் நிற்கிறதோ? வீம்புக்காக ஒரு உயிரை வதைக்கிறோமே என்று துப்பாக்கியைக் கீழே வைத்தான். டெல்மரும் இப்போது சிரிக்கவில்லை.

"பட்டிருக்கா, மச்சான்?"

"பட்டு, வலியில வெறச்சுப் போச்சுன்னு நெனக்கிறேன். பாவம், இதால முடிச்சு விடு." தன் பெரிய துப்பாக்கியை நீட்டினான்.

தோளைப் பற்றிச் சொல்ல அதுதான் நேரம். வெர்லின் சொல்லவில்லை. தோளில் அழுத்தாமல் தளர்வாகப் பிடித்துச் சுட்டான். துப்பாக்கி பின்னால் பாய்ந்து, குறி பார்க்கும் ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தைக் கிழித்தது. ஒரு கண்ணில் ரத்தம் இறங்க, இன்னொரு கண்ணால் பார்த்தான். மான் நின்றது.

டெல்மர் துப்பாக்கியைப் பிடுங்கித் தானே சுட்டான். எந்த வேட்டையிலும் ஒரே தோட்டாவில் முடிப்பவன் அவன். மான் நின்றது. டெல்மரின் முகம் வெளுத்துவிட்டது.

"மாப்ளே, அது மான் இல்ல. வேற ஏதோ."

பள்ளத்தில் இறங்கி ஏறினார்கள். நெருங்க நெருங்க அது அவர்களையே பார்த்தது. பக்கத்தில் போனதும் வெர்லின் ஏனென்று தெரியாமலே தொப்பியைக் கழற்றினான். டெல்மர் ஒரு விரலால் அதன் கழுத்தைத் தொட்டான். விரல் மெத்தென்று உள்ளே போய் வெளியே வந்தது. ரப்பர் நுரையில் வார்த்த பொம்மை.

இருவரும் அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்கள். பிறகு வெர்லின் அதன் விலாவைக் காட்டினான். நெஞ்சு இருக்க வேண்டிய இடத்தில், ஒரு உள்ளங்கைக்குள் அடங்கும்படி, நெருக்கமாகச் சின்னச் சின்ன ஓட்டைகள்.

டெல்மர் மண்டி போட்டு ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்தான். தன் தோட்டா போட்ட பெரிய ஓட்டையைத் தேடினான். கிடைக்கவில்லை. வெகுநேரம் கழித்து எழுந்தான்.

"நான் சொன்னது தப்பு, மாப்ளே."

வெர்லினுக்குப் புருவம் வலிக்கவில்லை, தோள் வலிக்கவில்லை. மச்சானைக் கட்டிக்கொள்ளலாமா என்றுகூடத் தோன்றியது.

அப்போது மேட்டுக்குப் பின்னாலிருந்து, அந்த நிலத்துப் பண்ணைக்காரரின் மகள் ஆர்லிஸ் ஏறி வந்தாள். முழங்கால் வரை நனைந்திருந்தாள். தோளில் வில் தொங்கியது. பொம்மையைப் பார்த்தாள், இவர்களைப் பார்த்தாள், இவர்கள் தடவிக்கொண்டிருந்த ஓட்டைகளைப் பார்த்தாள்.

"இது நான் அம்பு விட்டுப் பழகற பொம்மை. அதெல்லாம் என் அம்பு போட்ட ஓட்டைங்க. உங்களோடது அஞ்சும் பின்னாடி எங்க மாட்டுத் தண்ணித் தொட்டியில இருக்கு."