நாலாம் நம்பர் மேசையின் இறால்

எனக்கு உட்கார்ந்து சாப்பிடத் தெரியாது. பெருமைக்குச் சொல்லவில்லை, குறையாகத்தான் சொல்கிறேன். நாலு பேர் சாப்பிடும் இடத்தில் என்னை உட்கார வைத்தால் ஐந்தாவது நிமிடம் என் கண் அடுத்தவர் இலைக்குப் போய்விடும். ரசம் போய்ச் சேர்ந்ததா, அந்த மூலையில் ஒருவர் எதையோ தேடுகிறாரே, உப்பா? இந்த வியாதிக்கு எங்கள் காரைக்குடிப் பக்கம் பந்தி விசாரிப்பது என்று பெயர். கல்யாண வீட்டில் சமைப்பவர், பரிமாறுபவர் போக, வரிசை வரிசையாக நடந்து "என்ன வேணும், போதுமா" என்று கேட்பதற்கென்றே ஓர் ஆள் இருப்பார். எங்கள் சொந்தபந்தத்தில் இருபது வயதிலிருந்து அந்த ஆள் நான்தான். (சம்பளம் கிடையாது. கடைசிப் பந்தியில் ஆறிப்போன சோறு உண்டு.)

இருபத்தேழு வயதில் என்னிடம் இருந்த ஒரே தகுதியும் அதுதான். பி.காம். முடித்து, இரண்டு வேலைகளில் சேர்ந்து, இரண்டிலிருந்தும் வெளியே வந்து, வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அப்பச்சி (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) ஒரு நாள் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்:

"தை பொறந்தா மெட்ராசுக்குப் போயிரு. ஒங்க அம்மான் பெயிண்டுக் கடையில டப்பா அடுக்க ஆள் தேடுறாக."

தாய்மாமனின் அந்தக் கடையை நான் பார்த்திருக்கிறேன். ஜன்னல் கிடையாது. அந்த வாரமே, கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டைக் குத்தகைக்கு எடுத்து ஹோட்டல் நடத்தப்போகும் ஓர் அம்மாள் மேனேஜர் தேடுகிறார் என்று கேள்விப்பட்டு விழுந்தடித்துக்கொண்டு போன் செய்தேன். அவர் பெயர் ரெபேக்கா. கொடைக்கானல்காரர். பல வருடம் ஸ்பெயினில் சமையல் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பி, அங்கேயே ஒரு ரெஸ்டாரண்ட் வைத்திருந்தார்.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் இங்க வாங்க. முதல்ல சாப்பிடுங்க. அப்புறம் பேசுவோம்" என்றார்.

அப்பச்சியின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, விடியுமுன்னே பஸ் ஏறி, மூன்று பஸ் மாறி, மலையேறினேன். மலையேறியதும் என் வாய் திறந்தது. சாயங்காலம் இறங்கும்வரை மூடவில்லை. அந்த ரெஸ்டாரண்டின் ஒரு பக்கச் சுவர் முழுவதும் கண்ணாடி. கண்ணாடிக்கு அப்பால் பள்ளத்தாக்கு. கதவைத் திறந்தபோது என்னோடு ஒரு மேகமும் உள்ளே வந்தது. அதை யாரும் கண்டுகொள்ளவே இல்லை! எங்கள் ஊரில் ஒரு கருமேகம் வந்தால் தெருவே வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்க்கும்.

ரெபேக்கா மேடம் சமையலறையிலிருந்து மாவுக் கையோடு வந்தார். ஐம்பது வயதிருக்கும். என்னைக் கண்ணாடி ஓரத்தில் உட்கார வைத்தார்.

"இந்தச் சாப்பாட்டுக்குத் தபாஸ்னு பேரு. சின்னச் சின்னத் தட்டா வரும். நிதானமா சாப்பிட்டுக்கிட்டே இந்த இடத்தைப் பாருங்க. ஒரு மணி நேரம் கழிச்சு வந்து என்ன பார்த்தீங்கன்னு கேப்பேன். அதான் இன்டர்வியூ."

உட்கார்ந்து சாப்பிடுவதுதான் இன்டர்வியூ. உலகத்தில் இதைவிடச் சுலபமான வேலைத்தேர்வு உண்டா?

முதலில் ஒரு கிண்ணத்தில் ஆறு பச்சைக் காய்கள் வந்தன. ஆலிவ் என்றார் பரிமாறியவர். ஊறுகாய் நெல்லிக்காய் கணக்காக ஒரே கடியாகக் கடித்துக் கொட்டையில் பல்லை இடித்துக்கொண்டேன். அடுத்து, தக்காளி தேய்த்த ரொட்டி இரண்டு துண்டு. ரொட்டி, தக்காளி, பூண்டு, எண்ணெய், உப்பு. வேறு ஒன்றும் அதில் இல்லை. வாயில் வைத்ததும் என்னையறியாமல் கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு உருளைக்கிழங்கை உள்ளே அடுக்கிய ஆம்லெட் ஒரு துண்டு. அதன் நடுப்பகுதி இளகி, கரண்டியில் நிற்காமல் வழிந்தது. எங்கள் ஊரில் விருந்து என்றால் இலையில் பச்சை தெரியக்கூடாது. இவ்வளவு ருசியை இவ்வளவு சிறிதாக வைப்பதற்கு ஒரு சமையல்காரருக்கு எத்தனை தைரியம் வேண்டும் என்று நான் மலைத்துப்போய் உட்கார்ந்திருந்தேன்.

அதோடு நின்றிருந்தால் நான் பிழைத்திருப்பேன். ஆனால் மலைப்பின் ஊடே என் மூளை வேலை செய்தது. ஒவ்வொரு பதார்த்தமாக வருகிறது. கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. ஒன்று முடிந்ததும் அடுத்தது வருகிறது. இது பந்தி இல்லாமல் வேறென்ன? ஸ்பெயின்காரர்கள் நம்ம ஆட்கள்தான் என்று முடிவுகட்டிவிட்டேன்.

என்னுடையது போக ஏழு மேசை, ஏழும் நிறைந்திருந்தன. பரிமாறுபவர் இருவரில் ஒருவர் அன்று வரவில்லை. சமையலறையை ஒட்டிய மேடையில் ரெபேக்கா மேடம் ஒவ்வொரு தட்டாக வைத்து மணியடித்துவிட்டு உள்ளே போவார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. தட்டுகள் சேர்ந்துகொண்டே இருந்தன. ஒரு மண்சட்டியில் பூண்டு போட்ட இறால், எண்ணெய் இன்னும் சலசலவென்று கொதிக்க, எடுக்க ஆளில்லாமல் நின்றது. இந்தப் பக்கம் ஜனங்கள் வெறும் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். நான் எழுந்ததாக எனக்கு நினைவில்லை. கால் எழுந்தது, உடம்பு கூடவே போனது.

சட்டியில் ஆறு இறால். (ஏழு மேசைக்கு ஆறு இறால் செய்திருக்கிறாரே, அந்த அம்மாளுக்குப் பந்திக் கணக்கு சரியாக வரவில்லை என்று மனதுக்குள் ஒரு குறை வேறு!) சட்டிக்கு அடியில் ஏதோ துண்டுச்சீட்டு ஒட்டியிருந்தது. குப்பை என்று எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். இடது கோடியிலிருந்து ஆரம்பித்தேன்.

"நீக சைவமா, அசைவமா? அசைவமா? இந்தாங்க, சூடா இருக்கு, பாத்துச் சாப்பிடுங்க."

முதல் மேசையில் இரண்டு, அடுத்ததில் ஒன்று, மூன்றாவதில் இரண்டு. நாலாவது மேசையில் வெள்ளைத் தலையோடு ஒரு கணவனும் மனைவியும். மிச்சம் ஒன்றுதான். அதைப் பெரியவரின் தட்டில் வைத்தேன்.

"ஒண்ணுதான் வந்திருக்கு, மனசுல வச்சுக்காதீக. அடுத்த சுத்துல ஆச்சிக்கு வச்சிருறேன்."

"ரொம்ப நன்றி தம்பி" என்றார் அவர்.

பிறகு காளான் வந்தது, கணவாய் வறுவல் வந்தது, சீஸ் வந்தது. எல்லாவற்றையும் வரிசையாகக் கொண்டுபோனேன். யாரும் மறுக்கவில்லை. இந்தக் கடையின் வழக்கமே இதுதான்போல என்று நினைத்து ஆசையாக வாங்கிச் சாப்பிட்டார்கள். பரிமாறுபவர் மட்டும் என்னைப் பேய் பார்த்தவர் மாதிரி பார்த்தார். வேலை கூடிப்போய் நிற்கிறார், பாவம் என்று அவரைத் தட்டிக்கொடுத்தேன். அரை மணி நேரத்தில் ஏழு மேசைக்காரர்களும் ஒருவரோடொருவர் பேச ஆரம்பித்திருந்தார்கள். "அந்தக் கணவாய் கிடைச்சுதா?" என்று இந்த மேசையிலிருந்து அந்த மேசைக்குக் குரல் போயிற்று. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இதுதான் நான் செய்யப் பிறந்த வேலை!

அப்போதுதான் நாலாம் மேசைப் பெரியவர் என் கையைத் தொட்டார்.

"தம்பி, எங்களுக்கு இன்னிக்குக் கல்யாண நாள். நாற்பதாவது வருஷம். அதுக்காக ஒரு இறால் சொல்லியிருந்தோம். எப்ப வரும்?"

"இப்பத்தானே வச்சேன், அதான் ஒங்க..." என்று சொல்லவந்தவன் பாதியில் நின்றேன். அவரைப் பார்த்தேன், மேடையைப் பார்த்தேன். அங்கே ரெபேக்கா மேடம் இரண்டு கையையும் இடுப்பில் வைத்து நின்றிருந்தார்.

"எந்த டேபிளுக்கு எது போச்சு?" என்று கேட்டார்.

"எல்லாருக்கும் எல்லாம் போயிருச்சுங்க. ஒருத்தருக்கும் குறை இல்லை."

இதை நான் சொன்ன குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் போர்வைக்குள் போய்ப் படுத்துக்கொள்ளத் தோன்றும்.

"தட்டுக்கு அடியில சீட்டு இருக்குமே?"

சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். பதினோரு சீட்டு. ஒவ்வொன்றிலும் கொட்டை எழுத்தில் ஒரு மேசை எண். இறால் சட்டியின் சீட்டில் நாலு. எண்ணெயில் ஊறி அப்பச்சியின் சட்டைப்பையே கண்ணாடியாகிவிட்டிருந்தது. என் கண்முன்னே மெட்ராஸ் பெயிண்டுக் கடை, ஜன்னல் இல்லாமல், தெளிவாக நின்றது. பூமி பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது.

மேடம் ஒவ்வொரு மேசையாகப் போய் மன்னிப்புக் கேட்டு, விட்டுப்போன எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து சமைத்தார். பன்னிரண்டு அடுப்பு எரியும் வேகத்தில் ஒற்றை ஆளாக அவர் சமைத்ததை மேடைக்கு வெளியே நின்று பார்த்தேன். திட்டு வாங்கக் காத்திருந்தவன் அதையும் மறந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அப்படி ஒரு கையை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. பெரியவரின் மனைவி இரண்டாவது சட்டி இறாலைப் பார்த்துச் சிரித்தார். கூட்டம் கலைந்ததும் மேடம் வந்து என் எதிரே உட்கார்ந்தார்.

"சரி. கேள்வி கேக்கணும்ல. என்ன பார்த்தீங்க?"

வேலை போனது போனதுதான், கேட்டதற்குப் பதிலாவது சொல்லிவிட்டு பஸ் பிடிப்போம் என்று சொன்னேன். ரெண்டாம் மேசையில் இருந்தவருக்குப் பல் சரியில்லை, கணவாயை ஒதுக்கிவிட்டார், ஆம்லெட் கொடுத்திருக்கலாம். ஆறாம் மேசைப் பாப்பாவுக்குக் காரம் ஆகவில்லை, அவர்களாகக் கேட்கக் கூச்சப்பட்டார்கள். மூன்றாம் மேசைப் பெண் எதையும் சாப்பிடவில்லை, அழுதுவிட்டு வந்திருக்கிறாள், கூட வந்தவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். ரொட்டி எல்லாருக்கும் இன்னும் ஒரு துண்டு வேண்டியிருந்தது.

"அப்புறம்?"

"நீக இன்னும் சாப்பிடலைங்க."

மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். மணி மூன்றரை. பிறகு எழுந்துபோய் ரொட்டி எடுத்து வந்து, அரைத் துண்டை எனக்குப் பிட்டுக் கொடுத்துவிட்டுச் சாப்பிட்டார்.

"மூணு மாசம் பார்ப்போம். ஆனா ஒரு கண்டிஷன். சாப்பிடுற இடத்துல நீங்க நடக்கலாம், பார்க்கலாம், பேசலாம். தட்டைத் தொடக்கூடாது. ரெண்டு கையும் பின்னாடி இருக்கணும்."

எட்டு வருடமாகிறது. கானாடுகாத்தான் ஹோட்டலில் இன்றைக்கும் நான்தான் மேனேஜர். கையைப் பின்னால் கட்டி நடந்து நடந்து, அது இப்போது எனக்கு நிற்கும் வாகாகவே ஆகிவிட்டது. கோயிலிலும் அப்படித்தான் நிற்கிறேன், போட்டோவிலும் அப்படித்தான். கதை வீட்டில் எல்லோருக்கும் தெரியும் (நானே சொல்லித் தொலைத்தது).

நாலு வருடம் முன்பு கொத்தமங்கலத்தில் என் கல்யாணம். முகூர்த்த நேரம். மேளம் உச்சத்தில். தாம்பாளத்தில் தாலியை வைத்து என் முன்னே நீட்டுகிறார்கள். நான் அதைப் பார்த்துக்கொண்டு, இரண்டு கையையும் பின்னால் கட்டி, அசையாமல் நிற்கிறேன். பெண் தலை நிமிர்ந்து பார்த்தாள். முன்வரிசையில் பட்டுப்புடவையில் இருந்த ரெபேக்கா மேடம் வாயைப் பொத்திக்கொண்டார். ஆயுளில் நாலு தடவைகூடச் சிரித்திராத அப்பச்சி, மேளத்தை மிஞ்சிச் சத்தம் போட்டார்:

"கையை முன்னாடி கொண்டாடா! இது ஒன் தட்டுத்தான்!"

மேளக்காரர் சிரித்ததில் தாளம் தப்பியது. இன்றும் எங்கள் வீட்டில் எனக்குச் சோறு வைக்கும்போது என் மனைவி முதலில் சொல்வது அந்த வார்த்தையைத்தான். அவள் சொன்னால்தான் எனக்கும் கை முன்னால் வருகிறது.