ஒரே ஒரு புகார்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கண்மணிகளா. மனிதகுலம் கண்ட துப்புரவுப் பணிகளிலேயே மகத்தான ஒன்றைச் சொல்கிறேன்.

செவிலியர் பள்ளி நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பித்தவர்களில் பலர், பதற்றத்தில் ‘அனுப்பு’ பொத்தானை இரண்டு மூன்று தடவை அமுக்கிவிட்டார்கள். தேர்வு அலுவலகத்துக் கணினி அதிகாரி, பட்டியலில் விழுந்த அந்த இரட்டிப்பு வரிகளை ஒரே மூச்சில் துடைத்தெடுத்தார். அப்பா பெயர், பிறந்த தேதி, வீட்டு எண் மூன்றும் ஒத்துப்போனால் ஒரு வரிதான் மிஞ்சும். அலுவலகமே எழுந்து நின்று கைதட்டியது.

ஊரில் ஒரு தையல்காரி மட்டும் கைதட்டவில்லை. அவளுக்கு இரட்டைப் பெண்கள். பெரியவளுக்குத் தேர்வுச் சீட்டு வந்தது. நான்கு நிமிடம் பிந்திப் பிறந்த சின்னவளுக்கு வரவில்லை. தேர்வுக்கு ஐந்தே நாள். இருவரையும் இழுத்துக்கொண்டு தேர்வு அலுவலகத்துக்கு ஓடினாள்.

“சார், எனக்கு ரெண்டு பொண்ணு. பட்டியல்ல ஒருத்தியக் காணோம்.”

அதிகாரி திரையைப் பார்த்தார், பெண்களைப் பார்க்கவில்லை. “ஒருத்தி இருக்காளே, அப்புறம் என்ன?”

“அது பெரியவ சார். பேரப் பாருங்க, வேற வேற.”

“பேரை நாங்க பாக்கறதில்லம்மா. ஒரே ஆளு ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி எழுதறாங்க. பேரை நம்பினா பட்டியல் சுத்தமாகாது.”

“அப்ப நான் யாரு சார்?” என்றாள் சின்னவள்.

“நீங்க நகல்,” என்றார் மரியாதையாக. “புகார் பதிவு பண்ணுங்க. அம்பது புகார் தாண்டினா பட்டியலைத் திரும்பச் சரிபார்ப்போம்.”

தையல்காரி சும்மா இருப்பாளா? அலைந்து திரிந்து, இதே கதியில் இருந்த அம்மாக்களைத் தேடிப் பிடித்தாள். எழுதத் தயங்கியவர்களுக்கு, ஒரே அளவில் துணி வெட்டுவதுபோல் ஒரே வாக்கியத்தை எழுதிக் கொடுத்தாள்: ‘என் இரட்டையரில் ஒருத்தி பட்டியலில் இல்லை.’ மூன்றே நாளில் அறுபத்துமூன்று புகார்!

அதிகாரியும் சளைத்தவர் அல்லர். புகார் வாசகத்தை மட்டும் ஒப்பிட்டு, ஒத்துப்போனதையெல்லாம் அதே பக்தியோடு துடைத்தார். மேலிடத்துக்கு அறிக்கை போனது: ‘மொத்தப் புகார்: ஒன்று.’ பாராட்டுக் கடிதமும் வந்தது.

தேர்வன்று காலை பெரியவள் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி உள்ளே போனாள். சின்னவள் அக்காவின் பையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். அவளைச் சுற்றி இன்னும் அறுபத்திரண்டு பெண்கள், அறுபத்திரண்டு பைகள்.

“வெளியே எத்தனை பேர்னு எழுதட்டும் சார்?” என்றார் காவலாளி.

அதிகாரி ஜன்னல் வழியே பார்த்தார்.

“எல்லாம் ஒரே மாதிரிதானே நிக்குது? ஒருத்தின்னு எழுதிக்க.”

போய் வாருங்கள், கண்மணிகளா. உங்கள் வீட்டில் எத்தனை தலையோ, அத்தனை வரியும் பட்டியலில் நீடூழி வாழட்டும்.