மூத்த மகனுக்கு ஓர் ஆட்டுக்குட்டி

கர்த்தருக்குள் மிகுந்த மதிப்பிற்குரிய போதகர் மச்சான் அவர்களுக்கு,

மலைமேல் சோளக்காடு கிராமத்திலிருந்து அசோக் தோத்திரத்துடன் எழுதுவது. கிருபையால் நலமாக இருக்கிறோம். மழை விடவில்லை, தங்கள் தங்கை மெர்சியும் விடவில்லை. அங்கே அக்காவும் பிள்ளைகளும் சுகமா?

விஷயம் என்னவென்றால், எங்கள் வீட்டில் நடக்கிற ஞாயிறு ஜெபக்கூட்டத்தில் வேதம் வாசிக்கிற பொறுப்பைத் தாங்கள் எனக்குக் கொடுத்தீர்கள். நானும் பழைய மொழிபெயர்ப்பை ஓர் எழுத்துப் பிசகாமல் வாசித்து வந்தேன். ஒருவருக்கும் புரியவில்லை, ஆனால் எல்லோரும் பயபக்தியோடு உட்கார்ந்திருந்தார்கள். வீட்டுச் சொந்தக்காரர் குப்புசாமி, அவர் கும்பிடுகிற சாமி வேறு என்றாலும், மரியாதைக்காகக் கடைசியில் வந்து உட்கார்ந்து அருமையாகத் தூங்குவார். இது பொறுக்காமல் மெர்சி, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல எளிய தமிழில் எழுதி வாசித்தாள். குப்புசாமி விழித்துக்கொண்டார்.

அன்று விதைக்கிறவன் உவமை. "ஏனுங்க டீச்சர், பாதையிலயும் பாறையிலயும் முள்ளுக்குள்ளயும் வெதைய வீசுனானே, அவன் எந்த ஊர்க்காரனுங்க?" என்று கேட்டார். வேளாண்மை அலுவலகத்தில் சம்பளம் வாங்குகிற நான் என்ன பதில் சொல்வது மச்சான்? மெர்சி மறுவாரமே அவனை நல்ல நிலத்தில் மட்டும் விதைக்க வைத்துவிட்டாள். நூறு மடங்கு விளைந்தது. கூட்டம் முடிந்ததும் அது என்ன ரகம், மானியத்தில் கிடைக்குமா என்று என்னைப் பிடித்துக்கொண்டார்கள். அடுத்து, காணாமல் போன ஆடு. மற்ற ஆடுகளைக் காட்டில் விட்டுவிட்டா ஒன்றைத் தேடப் போவான் என்று குப்புசாமியின் மனைவி பாப்பாயி சண்டைக்கு வர, மெர்சி அத்தனையையும் பட்டியில் அடைத்துவிட்டுத்தான் மேய்ப்பனை அனுப்பினாள். போன ஞாயிறு, சொத்தைத் தொலைத்துவிட்டுத் திரும்பி வந்த இளைய மகன் கதை. பாப்பாயி அழுதார், மனந்திரும்புகிறார் என்று நினைத்தேன். "ஊட்டோட கெடந்து பாடுபட்ட மூத்தவனுக்கு ஒண்ணுமில்லீங்களா கண்ணு?" என்றார். மெர்சி அந்த இடத்திலேயே மூத்தவனுக்கு ஓர் ஆட்டுக்குட்டி கொடுத்து விவகாரத்தை முடித்தாள். இளையவன் திரும்பி வந்ததை ஒருத்தரும் கண்டுகொள்ளவில்லை.

கேட்டால், ஆண்டவரே மீனவர்களிடம் மீனவர் பாஷையில்தானே பேசினார் என்கிறாள். பேசினார், அவர்கள் முறைத்தார்கள் என்று கதையை மாற்றினாரா? புரிய வைப்பது வேறு, பிடித்த மாதிரி மாற்றுவது வேறு. இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், இப்போது கூட்டம் வாசல்வரை நிற்கிறது. நான் வாசிக்க எழுந்தால், "டீச்சர் வரலீங்களா?" என்கிறார்கள். எனக்கு அவமானமாக இருக்கிறது மச்சான்.

ஆகையால் தாங்கள் சிரமப்பட்டு மலையேறி வரவேண்டாம். இனி மெர்சியே வாசிக்கட்டும். நான் பாய் விரித்து, டீ ஊற்றிக் கொடுக்கிறேன்.

கர்த்தருடைய சமாதானம் தங்கள் வீட்டில் தங்குவதாக.

தங்கள் அன்புள்ள மாப்பிள்ளை,
அசோக்

பி.கு.: அண்ணா, மெர்சி எழுதுகிறேன். இவருக்குக் கண்ணாடி உடைந்துவிட்டதால், இவர் சொல்லச் சொல்ல நான்தான் கடிதத்தை எழுதினேன். கடைசிப் பத்தியில் மட்டும், நீங்கள் உடனே வந்து என் வாசிப்பைத் தடை செய்ய வேண்டும், இல்லாவிட்டால் மாற்றல் வாங்கிக்கொண்டு மலையிறங்கிவிடுவேன் என்று சொன்னார். நடை கொஞ்சம் கடினமாக இருந்தது. எளிமையாக்கியிருக்கிறேன். கருத்து மாறவில்லை.