பிறை நகமும் ஒரு வாக்கும்

கோட்டாற்றில் பெண் விடுதலை 1954-ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே பூரணமாக வந்து சேர்ந்துவிட்டது. சந்தேகப்பட்டவர்கள் அங்கே இயங்கிய 'மாதர் முன்னேற்றக் கழக'த்தை எட்டிப் பார்த்திருந்தால் போதும். அதன் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவருமே ஆண்கள். வீட்டு வேலைக்கு மேல் கழக வேலையையும் பெண்கள் தலையில் ஏற்றலாகாது என்ற கருணைதான் காரணம்.

செயலாளர் கிருஷ்ணமணிக்குப் பத்திரம் எழுதுவது தொழில். "மேற்படி குழம்பில் உப்பு குறைவு" என்றுதான் சாப்பாட்டில்கூடச் சொல்வார். அவர் மனைவி சத்தியபாய் கழகத்தில் உறுப்பினர் அல்லள். உறுப்பினர்களுக்குச் சுக்குக்காப்பி போடும் பொறுப்பு மட்டும் அவளுக்கு வழங்கப்பட்டிருந்தது.

சட்டசபைத் தேர்தல் வந்தது. அப்போதெல்லாம் வேட்பாளருக்கு ஒரு பெட்டி. பிடித்தவர் பெட்டியில் சீட்டைப் போட வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன் நடந்த தேர்தலில் சத்தியபாய் கணவர் சொன்ன பெட்டியில் போட்டாள். இந்தத் தடவை எந்தப் பெட்டி என்பதை அவளே யோசித்து வைத்திருந்தாள். அடுப்பு, அம்மி, தொழுவம் என்று மூன்று வாரம் நடந்த யோசனை. யாரிடமும் சொல்லவில்லை.

"நம்ம பெட்டி எதுன்னு தெரியும்லா?" என்று கேட்டார் கிருஷ்ணமணி.

"உம்" என்றாள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் அவரிடம் அவள் சொன்ன முதல் பொய் அந்த 'உம்'தான். அது அவருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது.

தேர்தலுக்கு முந்தின நாள் மதியம், துணிப்பெட்டியின் அடியில் நான்கு மாதமாகக் கிடந்த ஒரு சிவப்புக் குப்பியை எடுத்தாள். கொழும்பில் இருக்கும் அண்ணன் கொண்டுவந்த நகச்சாயம். அதைச் சுற்றியிருந்த இங்கிலீஷ் பத்திரிகைத் தாளில் ஒரு படம்: நகத்தின் அடியில் பிறை வடிவில் வெறுமையாக விட்டு, மீதியில் மட்டும் சாயம். சத்தியபாய் பக்கத்து வீட்டு முத்துக்கனியைக் கூப்பிட்டாள்.

"ஏட்டி, இது என்னட்டி, குங்குமத்தைக் கரைச்சு வச்சிருக்கியா?"

"நகத்துக்குப் பூசுகது. நாளைக்கு வெரலை நீட்டாண்டாமா? நாலு ஆபீசர்மாரு பாக்கப்பட்ட வெரலு. பானை கழுவின லெச்சணத்தோடயா நீட்டுகது?"

"அதுக்கு மேல மை வச்சிருவானேட்டி."

"வைக்கட்டும். பத்துல ஒண்ணுதானே."

கணவரின் மேசையில் தபால்தலைத் தாளின் பசை ஓரங்கள் மிச்சம் இருந்தன. அவற்றைப் பிறை பிறையாக நறுக்கி, நக்கி, நகத்தடியில் ஒட்டினாள். மேலே சாயம் பூசிப் பிறையை உரிக்க வேண்டும். முதல் நகத்தில் அவசரப்பட்டு உரித்ததில் சாயமும் சேர்ந்து வந்துவிட்டது. இரண்டாவதில் காத்திருந்தது கூடிப்போய், பிறை நகத்தோடு நிரந்தர பந்தம் கொண்டது. மூன்றாவதில் வந்தது பாருங்கள் பிறை! முத்துக்கனி வாயில் கை வைத்தாள்.

இடது கையைச் சத்தியபாயே முடித்தாள். வலது கைக்கு முத்துக்கனி. இட்லி மாவு கரைக்கிற தாராளத்தோடு அவள் பூசியதில் கட்டைவிரலே முதல் கணு வரைக்கும் சிவந்தது. பத்து விரலையும் விரித்து, ஊதி ஊதிக் காயவைத்தார்கள். சத்தியபாய் தன் கையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ பெரிய இடத்துக்காரியின் கை மாதிரி இருந்தது.

கிருஷ்ணமணி கவனிக்கவில்லை. 'வாக்குரிமையும் வனிதையரும்' என்ற தலைப்பில் பேசப் போயிருந்தார்.

மறுநாள் பள்ளிக்கூடத்து வாக்குச்சாவடியில் பெண்கள் வரிசையில் இருவரும் நின்றார்கள். உள்ளே ஏஜண்டுகள் பெஞ்சில் தம் கட்சிக்காகக் கிருஷ்ணமணி உட்கார்ந்திருந்தார். மனைவியைக் கண்டதும் அவர் முகம் ஏனோ வெளுத்தது.

சத்தியபாயிடம் பெயரைக் கேட்குமுன் விரலைக் கேட்டார்கள். நீட்டினாள். மைக்குச்சி அந்தரத்தில் நின்றது.

எதிர்க்கட்சி ஏஜண்டு பொன்னுலிங்கம் எழுந்தார். "சார், இதுல மை பிடிக்காது. வெளிய போயி சாயத்தை உரிச்சா மையும் கூட வந்துரும். பொறவு வேற பேருல வருவாவ. கள்ளவோட்டுக்கு இது புது டெக்னிக்காக்கும்!"

தலைமை அதிகாரி யேசுரத்தினம் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "இடது கை சுட்டுவிரல்னு இருக்கு. சாயத்தைப் பத்தி ஒண்ணும் காணலியே."

மூன்று அதிகாரிகள் மூக்குக்கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டு அந்த நகத்தை ஆராய்ந்தார்கள். முக்கால் மணி நேரம். அதற்குள் ஆண்கள் வரிசையில் ஒருவர், விரலில் துணிக்கட்டோடு இரண்டாம் முறை வந்து போனார். நகத்தில் சாயம் இல்லாத யோக்கியர் என்பதால் எவரும் அவரைத் தடுக்கவில்லை. ஓட்டு எண்ண இன்னும் நாள் இருந்ததால், கிருஷ்ணமணி கூரையில் ஓட்டை எண்ணிக்கொண்டிருந்தார்.

"சுரண்டணும்மா" என்று தீர்ப்பு வந்தது.

"வேற வெரல்ல வைக்கப்படாதா சார்?"

"எல்லா வெரல்லயும் இருக்கே!"

பென்சில் சீவும் பிளேடு ஒன்றைக் கொடுத்தார்கள். சத்தியபாய் ஒரு கணம் தயங்கினாள். பிறகு தானே சுரண்டினாள். சிவப்பு துகள் துகளாக உதிர்ந்தது. கண் கலங்கியது, ஆனால் கை நிற்கவில்லை. வெறும் நகத்தில் மை ஏறியது. அதன் பிறகே பட்டியலைப் பார்த்தார்கள்.

"சத்தியபாய்... உங்க வோட்டு ஆயாச்சே!" என்றார் குமாஸ்தா.

"எப்பிடி ஆகும்? நான் இப்பந்தானே வாறேன்?"

"காலத்தயே ஒரு பொம்பள வந்து போட்டாச்சு. ஏஜண்டுதான் ஆளை அடையாளம் சொன்னாரு."

"எந்த ஏஜண்டு?"

குமாஸ்தா பென்சிலால் கிருஷ்ணமணியைக் காட்டினார்.

கிருஷ்ணமணி எழுந்தார். "வெயில்ல நிக்காண்டாம்னு நெனச்சேன் சத்தியம்... ஒனக்குள்ள செரமத்தைக் கொறைக்கத்தான்..."

யேசுரத்தினம் இரக்கத்தோடு குறுக்கிட்டார். "வேணும்னா ஒனக்குன்னு தனியா ஒரு சீட்டு தரலாம்மா. போட்டதும் ஒறையில வச்சு ஒட்டிருவோம்."

"எண்ணுவியளா?"

"எண்ண மாட்டோம். பத்திரமா வைப்போம்."

சத்தியபாய் கணவரைப் பார்த்தாள். மூன்று வார யோசனை ஒரு பெருமூச்சாகப் போயிற்று.

"சார், பன்னெண்டு வருசமா எனக்க மொகத்தைப் பாத்துச் சோறு திங்குதாரு. இன்னொருத்தியக் காட்டி, இவதான் எனக்க பொண்டாட்டின்னு சர்க்காருக்கு முன்னால சொல்லிருக்காரு. நல்லது. இண்ணைக்குச் சோறு அவ பொங்கட்டும்."

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்த சிரிப்பில் பள்ளிக்கூடத்து ஓடுகள் அதிர்ந்தன. முத்துக்கனி வரிசையை விட்டு ஒரு அடி முன்னே வந்து, "சார், எனக்க வோட்டாவது இருக்கான்னு மொதல்ல பாத்துச் சொல்லும்" என்றாள். சத்தியபாய் மை வைத்த விரலோடு, வாக்களிக்காமல், வெயிலில் இறங்கி நடந்தாள். பிறந்த வீட்டுப் பக்கமாக.

அன்று மாலை பெட்டிகளை அரக்கு வைத்துப் பூட்டிய பிறகு, யேசுரத்தினம் தம் அறிக்கையைச் சுத்தமான கையெழுத்தில் எழுதினார்:

"ஒரு பெண்மணியின் நகத்தில் சாயம் கண்டுபிடிக்கப்பட்டு, உடனே அகற்றப்பட்டது. மற்றபடி வாக்குப்பதிவு நேர்மையாக நடைபெற்றது."