கை தூக்கிக் காத்த சுதந்திரம்

உரிமைக் காவலர் என்றொரு இனம் உண்டு. அழிந்துவரும் இனமல்ல, கவலைப்படாதீர்கள். தெருவுக்கு நாலு பேர் தேறுவார்கள். ஏழு கடல் தாண்டி எங்கோ ஒரு பத்திரிகைக்காரரைச் சிறையில் போட்டால் இவருக்கு இங்கே சோறு இறங்காது. கண்டன அறிக்கையா? முதல் கையெழுத்து இவருடையது. பேச்சுரிமை, எழுத்துரிமை, வழிபாட்டுரிமை என்று மூச்சுக்கு முந்நூறு தடவை சொல்வார். இவர் வீட்டில் டிவி ரிமோட் யார் கையில் இருக்கிறது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

நல்ல மாதிரி ஒன்று வேண்டுமென்றால், ஒரு நாலு மாடிக் குடியிருப்பின் முதல் மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற வக்கீலைப் பாருங்கள். அரசியலமைப்புச் சட்டத்தின் கையடக்கப் பதிப்பைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பால் வாங்கப் போனாலும் ஷரத்து எண்ணோடு பேசுவதால், அவருக்கு அங்கே 'ஷரத்து சார்' என்றே பெயர். முப்பது வருஷத்துக்கு முன்னால், தடைசெய்யப்பட்ட ஒரு நாடகத்துக்காக வாதாடி ஜெயித்தவர். நாடகம் இரண்டே நாள் நடந்தது. அந்தக் கதையை இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இரண்டாம் மாடியில் வாடகைக்கு இருக்கும் தையல்காரம்மா வீட்டில், வாரம் ஒரு நாள் காலையில் ஆறு பேர் கூடி ஒரு மணி நேரம் பிரார்த்தனை செய்வார்கள். கதவைச் சாத்திக்கொண்டு, தணிந்த குரலில். ஆனால் அந்தக் கட்டடத்தில் வேறு யாரும் கும்பிடாத சாமி. பிரார்த்தனையை நிறுத்த வேண்டும், இல்லையென்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று தீர்மானம் போட, குடியிருப்போர் சங்கச் செயலாளர் கூட்டம் கூட்டினார். தையல்காரம்மா கூட்டத்துக்கு முதல் நாளே ஷரத்து சார் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும் சார். பதினோரு வருஷமா இங்க இருக்கேன். இந்த மிஷினைத் தூக்கிட்டு எங்க போவேன்?"

"கவலையே படாதீங்கம்மா. இது உங்க பிரச்சினை இல்ல, என் பிரச்சினை."

சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கியது. நிஜமாகவே கலங்கியது, நடிப்பில்லை. இந்த இனத்தின் விசேஷமே அதுதான்.

மறுநாள் கூட்டத்தில் நாற்பது நிமிடம் பேசினார். மனசாட்சிக்கு வேலி கிடையாது என்றார், நாடக வழக்கைச் சொன்னார், ஷரத்துகளை அடுக்கினார், இடையில் யாரோ கைதட்டியதும் குரல் இன்னும் கொஞ்சம் ஏறியது. முப்பத்தெட்டாவது நிமிடத்தில் செயலாளரின் கடுகடுத்த முகம் கண்ணில் பட்டது. படிக்கட்டை ஒட்டி, நிழலாக, கார் நிறுத்த இவருக்கு இடம் ஒதுக்கித் தந்த முகம். அதற்கப்புறம் பேச்சு வளைந்தது.

"அதே சமயம் ஜனநாயகம்னு ஒண்ணு இருக்கு. யார் மனசும் நோகாம, இதை ஓட்டுக்கு விட்டுடலாம்."

தையல்காரம்மா எழுந்தார். "நான் யாரைக் கும்பிடணும்னு இவங்க கை தூக்கியா சார் முடிவு பண்ணணும்? ஓட்டுக்கு விடக்கூடாதுன்னுதானே அதை உங்க புத்தகத்துல எழுதி வெச்சிருக்காங்க?"

"அருமையான கேள்விம்மா," என்றார் ஷரத்து சார், முகமெல்லாம் சிரிப்பாக. "இப்படிக் கேக்கற உங்க உரிமையைத்தான் நான் காலம் பூரா காப்பாத்திட்டு வரேன்."

பதில் அவ்வளவுதான். நிறுத்த வேண்டும் என்று பதினான்கு கைகள் எழுந்தன. எதிர்த்து எழுந்த ஒரே கை தையல்காரம்மாவுடையது. வாடகைக்கு இருப்பவருக்கு ஓட்டில்லை என்று செயலாளர் அதையும் தள்ளிவிட்டார். ஷரத்து சார் இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டு நடுநிலை காத்தார்.

"நீங்க ஏன் கை தூக்கல?" என்று வீட்டில் மனைவி கேட்டார்.

"நான் தூக்கியிருந்தா மட்டும் ஜெயிச்சிருக்குமா?"

"ஜெயிச்சிருக்காது. அவங்க தனியா நின்னிருக்க மாட்டாங்க."

ஷரத்து சார் அவசரமாகக் கண்ணாடியைத் தேடினார். எந்த நாட்டிலோ ஒரு கவிஞரைக் கைது செய்திருந்தார்கள். கண்டன அறிக்கை காத்துக்கொண்டிருந்தது.

மாதக் கடைசியில் தையல் மிஷின் படியிறங்கியபோது, அவர்தான் ஓடிவந்து கதவைப் பிடித்துக்கொண்டார். "பாத்து, பாத்து" என்றார். சாமான் வண்டி நிற்பதற்காகத் தன் காரையே நகர்த்திக் கொடுத்தார். பெரிய மனசு. தையல்காரம்மா அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

சிரிக்கிறீர்களா? கை தூக்கிய பதினான்கு பேரில் நீங்கள் இல்லை என்பது தெரியும். நீங்கள் அப்படிப்பட்டவரே அல்ல. ஆனால் அந்தக் கூட்டத்தில் ஷரத்து சாரைப் போலவே கையை மடியில் வைத்துக்கொண்டு இன்னும் ஒன்பது பேர் இருந்தார்கள். பேச்சு நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுத்தான் கலைந்தார்கள். முதலில் கைதட்டியது யார் என்றுதான் தெரியவில்லை. நீங்களா?