மூக்குக் குஷனும் முன் ரூமும்

போன டிசம்பரில் ஒரு காலை ஏழரை மணிக்கு, ஒரு கையில் காபி டம்ளரும் மறு கையில் ஒரு ரப்பர் குஷனுமாக நின்று, என் நாற்பத்தெட்டு வருட வாழ்க்கையின் மிக உறுதியான தீர்மானத்தை எடுத்தேன். இந்தக் குஷனை இனி ஒருபோதும் மாற்றுவதில்லை.

பெரிய மனிதர்கள் இதைவிடப் பெரிய விஷயங்களுக்குத் தீர்மானம் எடுப்பார்கள்தான். அவர்களில் எத்தனை பேருக்கு அதனால் தனி ரூம் கிடைத்தது?

விஷயம் இதுதான். எனக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும். நியூஜெர்சியில் இருந்தபோது கண்டுபிடித்தார்கள். நிற்பது எனக்குத் தெரியாது; திரும்ப வரும்போது எழும் சத்தம் என்னைத் தவிர எல்லோருக்கும் தெரியும். அதற்கு மருந்தாக ஒரு மெஷின். பெயர் சி-பேப். தூங்குகிறவனின் மூக்குக்குள் குழாய் வழியாகக் காற்றை ஊதிக்கொண்டே இருக்கும். மூக்குக்கும் குழாய்க்கும் நடுவே உட்காருவதுதான் குஷன். மாதம் ஒருமுறை அதை மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் விறைத்துப்போய், இடுக்கு வழியாகக் காற்று கசியும்.

அமெரிக்காவில் இதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அட்டைப்பெட்டி தானாக வாசலுக்கு வந்துவிடும். உனக்கு மூக்கு இன்னும் இருக்கிறதா என்றுகூடக் கேட்க மாட்டார்கள். சேர்ந்ததையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு இரண்டு வருடத்துக்கு முன் ஹைதராபாத் திரும்பினோம். வீடு மேற்கு மாரெட்பள்ளியில், மாடி. என் மனைவி ரோகிணியின் அப்பா விட்டுப்போனது. வெள்ளைக்காரன் காலத்திலேயே சிகந்திராபாத்துக்கு வந்த குடும்பம். தமிழில் திட்ட ஆரம்பித்து உருதுவில் முடிப்பாள். நடுவில் தெலுங்குக்கும் ஒரு வாய்ப்புக் கொடுப்பாள். அவள் அகராதியில் 'நக்கோ' என்றால் வேண்டாம், 'ஹவ்' என்றால் ஆமாம், 'கைக்கு' என்றால் ஏன்.

டிசம்பரில் குஷன் விறைத்தது. புதுசு எடுக்கச் சோம்பல். லாஃப்டில் ஏறிப் பெட்டியை இறக்கவேண்டும். விளைவு, பழுதான நாதஸ்வரத்தைப் பழகாதவன் ஊதிய மாதிரி ஒரு சத்தம். மூன்றாம் நாள் ரோகிணி காபியோடு தீர்ப்பையும் கொண்டுவந்தாள்.

"நக்கோ சாமி. இது சரியாகிற வரைக்கும் முன் ரூம்ல படுங்க."

தண்டனை என்று நினைத்துத்தான் அவள் சொன்னாள். நானும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டுதான் தலையணையைத் தூக்கிக்கொண்டு போனேன். அப்புறம் கதவைச் சாத்தினேன்.

அந்த ரூமின் ஃபேன் ஐந்தில் ஓடும். பெட்ரூமில் ஏசி இருபத்தேழுக்குக் கீழே இறங்கினால் ரோகிணிக்குத் தும்மல். முன் ரூமில் நான் கட்டிலின் குறுக்கே படுக்கலாம். "லைட்டை அணைக்கிறீங்களா" கிடையாது. "நாளைக்கு கேஸ்காரன் வருவான், ஞாபகம் இருக்கட்டும்" கிடையாது. இருபது வருடத்துக்குப் பிறகு ஒரு புத்தகத்தை முழுசாகப் படித்து முடித்தேன். எல்லாம் ஓர் ஓட்டைக் குஷன் செய்த உபகாரம். இதைப் போய் யாராவது மாற்றுவார்களா?

ஆனால் ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு சார்ட் இருந்தது. டாக்டர் சொல்லச்சொல்ல ரோகிணி எழுதியது. குஷனும் ஃபில்டரும் மாதம் ஒருமுறை. குழாய் மூன்று மாதம். தண்ணீர் டப்பாவும் தலைப்பட்டையும் ஆறு மாதம். ஒவ்வொன்றுக்கும் எதிரே கட்டம். மாற்றியவுடன் நான் டிக் அடிக்கவேண்டும்.

அடித்தேன். ஒன்றாம் தேதி வந்தால் முன் ரூமுக்குள் போவேன். ஸ்டூலை லாஃப்டுக்குக் கீழே சத்தமாக இழுப்பேன். ஒரு காலி பிஸ்கட் கவரைக் கசக்குவேன், புதுப் பாக்கெட் பிரிகிற மாதிரி. ஒரு நிமிடம் பெருமூச்சு. வெளியே வந்து டிக். இந்த ஒரு டிக்கிலேயே எல்லாவற்றையும் முடித்துவிடுவேன்.

மார்ச்சில் மட்டும் கொஞ்சம் நெருக்கடி.

"ஏங்க, நேத்துதானே புதுசு போட்டீங்க? ஹால் வரைக்கும் கேட்டுச்சு."

"என் மூக்கு வாகு அப்படி."

"அமெரிக்காவுல இதே மூக்குதானே?"

"அங்க காத்து வேற."

"ஹவ்?"

"ஈரப்பதம், ரோகிணி. தக்காணப் பீடபூமி."

"பீடபூமியா!" என்றாள். ஆச்சரியத்தோடு சொன்னதாகத்தான் நான் எடுத்துக்கொண்டேன். அறிவியலுக்கு அவள் காட்டிய மரியாதை என்னைக் கொஞ்சம் வெட்கப்படவும் வைத்தது.

சும்மா கிடைக்கவில்லை இந்த சுதந்திரம். கசிகிற காற்று நேராகக் கண்ணுக்குள் அடிக்கும். பிப்ரவரி முதல் கண் சிவந்தே இருந்தது. கொண்டாப்பூர் ஆபீசில் என்னைக் குடிகாரன் என்று நினைத்து, ஒரு பையன் பரிவோடு மோர் வாங்கிக் கொடுத்தான். வாங்கிக் குடித்தேன்.

ஜூன் முதல் ஞாயிறு. காலை பத்து மணி. கீழ்வீட்டு ஆனந்தகுமார் மாம்பழப் பையோடு மாடி ஏறி வந்தார். பாதுகாப்பு ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. அங்கே என்ன செய்கிறார் என்பதை மட்டும் சொல்ல மாட்டார். மற்ற எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்.

"சார், ரொம்ப தேங்க்ஸ்! அஞ்சு மாசமா ராஜா மாதிரி தூங்குறேன். லீக்கே கிடையாது!"

"என்ன லீக்?"

"மாஸ்க் லீக் சார். எனக்கும் சி-பேப் குடுத்துட்டாங்கல்ல, ஜனவரியில. உங்க குஷன்தானே போட்டுட்டிருக்கேன்!"

"என் குஷனா?"

"பிரிக்காத பாக்கெட்டு, பத்தையும் குடுத்தனுப்பினீங்களே சார். உங்க மூக்கும் என் மூக்கும் ஒரே சைஸ்னு அக்காதான் கண்டுபிடிச்சாங்க."

இருபத்திரண்டு வருடத் தாம்பத்தியத்தில் என் மனைவி அடுத்தவர் மூக்கை அளந்து பார்த்திருக்கிறாள். அந்த அதிர்ச்சியைக்கூட நின்று அனுபவிக்க நேரமில்லை. கணக்கு ஓடியது. பத்தும் ஜனவரியிலேயே போய்விட்டது. பிப்ரவரி, மார்ச், ஏப்ரல், மே, ஜூன். ஐந்து டிக். அத்தனையும் ஃப்ரிட்ஜ் கதவில், என் கையெழுத்தோடு.

மாம்பழத்தைக் கொடுத்துவிட்டு ஆனந்தகுமார் இறங்கிப் போனார். ரோகிணி ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தாள்.

"பங்கனபள்ளி. நல்லா பழுத்திருக்கு."

"ரோகிணி."

"சொல்லுங்க."

"லாஃப்ட்ல குஷன் இல்லைன்னு உனக்கு ஜனவரியிலிருந்தே தெரியும்."

"ஹவ்."

"அப்ப ஒண்ணாம் தேதி ஒண்ணாம் தேதி நான் உள்ள போயி..."

"பிஸ்கட் கவரைக் கசக்குவீங்க. தெரியும். முதல் மாசம் கிரீம் பிஸ்கட்."

நான் உட்கார்ந்தேன். தோற்ற நேரத்தில் தர்மத்தின் பக்கம் போய் நின்றுகொள்வது என் பழக்கம். போய் நின்றேன்.

"புருஷன் உடம்பு விஷயம். ஃபில்டர் கூட மாத்தாம பொய் டிக் அடிக்கிறான். நீ கம்முனு பார்த்துட்டிருந்தியா?"

"கைக்கு கத்துறீங்க? ஃபில்டரை மாசாமாசம் நான் மாத்திட்டேன், நீங்க ஆபீஸ் போனப்புறம். ஏப்ரல்ல குழாய். போன வாரம் தண்ணி டப்பா. குஷன் கசிஞ்சா ஆபத்தான்னு டாக்டரைக் கேட்டேன். அந்த அளவு கசிவை மெஷின் சமாளிச்சுக்கும், சத்தம்தான் வரும்னார். சத்தம்தானே, வரட்டும்னு விட்டேன்."

"அதான் கேட்கறேன். கைக்கு விட்டே? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

ரோகிணி மாம்பழத்தைத் தண்ணீரில் போட்டாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கண்ணில் சிவப்பு இல்லை. ஆறு மாதம் நன்றாகத் தூங்கிய கண்.

"சொன்னா மாத்திடுவீங்களே."

"என்ன?"

"மாத்திட்டா திரும்பி வந்துடுவீங்க. நீங்க நல்லா இருக்கணுங்க. நூறு வருஷம் மூச்சு விடணும். பக்கத்து ரூம்ல."

ஆறு மாதமாக நான் தப்பித்துக்கொண்டிருந்தேன் என்று நினைத்தேன். என்னைக் குடி வைத்திருந்திருக்கிறாள். ஃபேன் ஐந்தில் ஓடினது, புத்தகம், குறுக்கே படுத்தது, எல்லாமே அவள் அனுமதி. ஒரு மனிதன் தனி ரூமை இழப்பதைத் தாங்கிக்கொள்ளலாம். அதை ஜெயித்த பெருமையை இழப்பதை எப்படித் தாங்குவது?

அந்த நிமிடமே முடிவு செய்தேன். புதுக் குஷன். இன்றைக்கே. சத்தமில்லாத மூக்கோடு பெட்ரூமுக்குத் திரும்புகிறேன். ஏசி இருபத்தேழில் வேர்த்துக்கொண்டே கிடந்தாலும் சரி, அவளுடைய நிம்மதியைக் கெடுக்காமல் விடுவதில்லை.

ஆன்லைனில் வாங்கலாம் என்று போனை எடுத்தேன். ஊர் திரும்பிய புதிதில் எனக்கு இங்கே நம்பர் இல்லாததால், கார்டு, கேஸ், கரண்ட் எல்லாம் ரோகிணியின் நம்பரில்தான் இருக்கின்றன. ஓடிபி அவள் போனுக்குப் போகும். போனை வைத்துவிட்டேன். மருந்துக்கடையில் இதெல்லாம் கிடைக்காது. மிச்சம் ஒரே வழி. செருப்பைக்கூடப் போடாமல் படி இறங்கி, கீழ்வீட்டு மணியை அடித்தேன்.

"ஆனந்த், இன்னும் அஞ்சு பாக்கெட் மிச்சம் இருக்குமே? ஒண்ணே ஒண்ணு குடுங்க."

அவர் முகம் வாடிப்போயிற்று. என் தலைக்கு மேலே மாடிப்படியை ஒருமுறை பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"மன்னிக்கணும் சார். குடுக்கும்போதே அக்கா ஒரு கண்டிஷன் போட்டாங்க. வேற யாருக்கு வேணும்னாலும் குடுக்கலாம், மாடிக்கு மட்டும் திரும்பி வரக்கூடாதாம்."